தூக்கிய கை

கதவுக்கு வெளியே தேவாவின் குரல் கேட்டது. நெடுஞ்செழியனுக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வந்தது சந்தோஷம். கூட்டத்தில் யாரோ தன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதுபோல உடம்பு முழுக்க அந்தப் பக்கம் திரும்பியது. பயம் அதற்கப்புறம்தான் வந்தது. வந்ததும் கையிலிருந்த எக்ஸ்ரே அறையின் ஈய ஏப்ரனை ஆணியில் மாட்டத் தெரியாமல் கீழே போட்டான்.

"இன்னாம்மா இன்னும் எவ்ளோ நேரம்? புள்ள வலியில துடிச்சிக்கினு கீறான். ஜல்தி கூப்புடச் சொல்லும்மா" என்று வரவேற்பில் இருந்த பெண்ணிடம் தேவா கெஞ்சிக்கொண்டிருந்தான். கெஞ்சும்போது அவன் குரல் கொஞ்சம் கரகரக்கும். அந்தக் கரகரப்பைக் கேட்டு ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

திண்டிவனத்தில் அந்த ஸ்கேன் சென்டருக்கு நெடுஞ்செழியன் எக்ஸ்ரே டெக்னீசியனாக வந்ததே இந்தக் குரலிடமிருந்து ஒளிந்துகொள்ளத்தான். விழுப்புரத்தில் பழைய வேலையை விடும்போது சென்னைக்குப் போவதாக எல்லோரிடமும் சொல்லியிருந்தான். தேவா சென்னையில் தேடினான் என்றும் கேள்விப்பட்டான். நாற்பது கிலோமீட்டர் தள்ளி, அக்காள் இளவரசியின் வீட்டு மாடியில் குடியிருப்பான் என்று அவனுக்குத் தோன்றவில்லை.

கதவு திறந்தது. உள்ளே வந்தவன் இருபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு இளைஞன். மெலிந்த உடம்பு, நன்றாக ஒதுக்கிய தாடி. இடது கையை வலது கையால் தாங்கிப் பிடித்திருந்தான். சீட்டில் அயான் என்று இருந்தது. தேவா அவனோடு உள்ளே வரப் பார்த்தான். "கூட வர்றவங்க வெளிய இருங்க, ரேடியேசன்" என்று உதவிக்கு இருந்த பெண் தடுத்து, வெளியிலிருந்து கதவைச் சாத்தினாள். நெடுஞ்செழியன் இயந்திரத்துக்குப் பின்னால் நின்றிருந்ததால் தேவா அவனைப் பார்க்கவில்லை.

"எப்படி ஆச்சு?"

"வண்டியில இருந்து வுழுந்துட்டேண்ணா" என்றான் அயான். சொல்லிவிட்டுக் கதவைப் பார்த்தான்.

வண்டியிலிருந்து விழுகிறவனுக்கு உள்ளங்கை தேயும், முட்டி உரியும். இவன் மேல் ஒரு கீறல் இல்லை. விழுப்புரத்திலேயே எடுக்காமல் இவ்வளவு தூரம் தேவா கூட்டி வந்ததும் அதனால்தான் இருக்கும். கையை மேஜைமேல் மெதுவாக வைத்துத் திருப்பிப் படம் எடுத்தான். திரையில் எலும்பு தெரிந்தபோது நெடுஞ்செழியன் தன் சட்டைக் கையை இழுத்து விட்டுக்கொண்டான். சுண்டுவிரல் பக்கத்து எலும்பு, நடுவில், நேர்க்கோடாக. தலையைக் காப்பாற்றக் கையைத் தூக்குகிறவனுக்கு அந்த இடத்தில்தான் உடையும். அவனுக்கும் அங்கேதான் உடைந்திருந்தது.

ஏதாவது சொல்லியிருக்கலாம். உள்ளே இருந்தது அவர்கள் இருவர் மட்டும். ஆனால் அவன் மனதில் அந்த நேரத்தில் ஓடியது வேறு. தேவா இவனை "புள்ள" என்று சொன்னானே என்பதுதான். தன்னை அவன் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

அயானுக்குக் கதவைத் திறந்துவிட்டபோது தேவா எழுந்து வந்தான். நெடுஞ்செழியனைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டான். முகம் வெளுத்து, பிறகு சிவந்து, கண்ணில் தண்ணீர் கட்டியது.

"நெடு..."

உலகத்தில் அவனை அப்படிக் கூப்பிடுகிறவன் ஒருவன்தான். வீட்டில் அவன் செழியன். கட்சிக்கார அப்பா வைத்த முழுப் பெயர் பள்ளிக்கூடச் சான்றிதழில் மட்டும் இருந்தது.

"படம் கொஞ்ச நேரத்துல ரெடியாயிடும். டாக்டர் கிட்ட காட்டுங்க" என்று சொல்லிவிட்டு நெடுஞ்செழியன் அடுத்த சீட்டை எடுத்தான்.

தேவா ஏசி மெக்கானிக். ஏழெட்டு வருஷங்களுக்கு முன் ஒரு மே மாதம், விழுப்புரம் எக்ஸ்ரே அறையில் ஏசி ரிப்பேராகி நெடுஞ்செழியன் வியர்வையில் குளித்துக்கொண்டிருந்தபோது ஏணியோடு வந்தவன். ஏணிமேல் நின்றுகொண்டே ஓயாமல் பேசினான். மூன்று தரம் ரிப்பேருக்கு வந்தான். மூன்றாவது தரம் ஏசி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. "மெசினு சரியாத்தான் கீது. உன்ன பாக்கத்தான் வந்தேன்" என்று வெட்கப்படாமல் சொன்னான். இருபத்தெட்டு வயது வரை தன்னை யாரும் பார்க்க வருவார்கள் என்று நெடுஞ்செழியன் நினைத்ததில்லை.

கீழ்ப்பெரும்பாக்கத்தில் மாடி வீடு பிடித்தார்கள். கோலியனூர்க்காரன் ஒருவனும் பண்ருட்டிப் பக்கத்துக்காரன் ஒருவனும் வேலைக்காக ஒரே வீட்டில் தங்குவதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தேவா கருவாட்டுக் குழம்பு வைப்பான். மதியம் ஒரு மணியானால் எந்த ஊரில், எந்தச் சுவரில் தொங்கிக்கொண்டிருந்தாலும் போன் செய்து "சாப்டியா?" என்பான். சாயந்தரம் வேலை முடிந்து வந்ததும் கை கழுவாமல்கூட, ஏசிக்குக் காஸ் பிடித்துச் சில்லிட்டிருக்கும் உள்ளங்கையை நெடுஞ்செழியனின் பிடரியில் வைப்பான். வெயில் நாள் முழுவதும் அந்த ஒரு நொடிக்காகக் காத்துக்கொண்டிருந்த காலம் உண்டு.

முதல் அறை விழுந்தது ஒரு கல்யாணத்துக்குப் போய் வந்த அன்று. பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவனோடு சிரித்துப் பேசினானாம். அறைந்துவிட்டுத் தேவா அவன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அடுத்து போன் எடுக்காததற்காக. அதற்கடுத்து எதற்கென்றே தெரியவில்லை. ஒவ்வொரு தரமும் அழுகை இருந்தது. கடைசியில் பையிலிருந்த பெரிய ஸ்பானரோடு வந்தபோது நெடுஞ்செழியன் கையைத் தூக்கினான்.

மாவுக்கட்டோடு ஸ்டேஷனுக்குப் போனான். அங்கே இருந்த ஏட்டு சிரித்தார். "ரெண்டு ஆம்பள, ஒரே ரூமு. சரக்கு போட்டுட்டு அடிச்சிக்கினீங்க. இதுக்கெல்லாம் கேசு போட்டா நாங்க தூங்கறது எப்போ?" தேவாவைக் கூப்பிட்டு, இனிமேல் தகராறு செய்ய மாட்டேன் என்று எழுதி வாங்கினார்கள். "நண்பனுங்களுக்குள்ள கை நீட்டலாமாப்பா?" என்று புத்தி சொல்லி அனுப்பினார்கள். தேவா வந்த வண்டியிலேயே, அவன் பின்னால் உட்கார்ந்துகொண்டு, நெடுஞ்செழியன் வீடு திரும்பினான்.

அதற்குப் பிறகு வந்த மாதங்கள் அவன் வாழ்க்கையிலேயே நல்ல மாதங்கள். அதைத்தான் யாரிடமும் சொல்ல முடியவில்லை. தேவா குடியை விட்டான். கட்டு பிரிக்கும்வரை சோறு பிசைந்து ஊட்டினான். தலைக்கு எண்ணெய் வைத்தான். சட்டைப் பொத்தான் போட்டுவிட்டான். "மாறிட்டேன் நெடு, நீயே பாரேன்" என்றான். மாறித்தான் இருந்தான், கட்டு பிரித்துக் கை பழகும்வரை. அப்புறம் ஒரு நாள் கழுத்தைப் பிடித்தான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் தேவா புதுச்சேரிக்கு வேலைக்குப் போனதும் நெடுஞ்செழியன் ஒரே ஒரு பையோடு பஸ் ஏறினான்.

ஏறினானே தவிர, ஒரு மணியானால் இன்னமும் போனைப் பார்ப்பான். நம்பரை மாற்றியாகிவிட்டது, அதில் தேவா கூப்பிட வழியே இல்லை என்று தெரிந்தும் பார்ப்பான்.

எக்ஸ்ரே எடுத்த மறுநாள் சென்டரின் போனுக்கே தேவா கூப்பிட்டான்.

"ஒரே ஒரு தடவ பாக்கணும் நெடு. கைய கட்டிக்கினு நிக்கிறேன். நீ திட்டு, துப்பு. உன் மூஞ்சிய ஒரு தரம் பாத்துட்டுப் போயிடறேன்."

வேண்டாம் என்றுதான் சொல்ல நினைத்தான். "ஞாயித்துக்கெழம. பெருமுக்கல் மலைக்கு வா. காலையிலேயே" என்றது அவன் வாய்.

இளவரசியிடம் நண்பனைப் பார்க்கப் போவதாகச் சொன்னான். அவள் கேப்பை மாவைப் பிசைந்துகொண்டே நிமிர்ந்து பார்த்தாள். அவன் நல்ல சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருந்ததைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

மலைமேல் கோயிலுக்குப் பக்கத்தில் பாறை நிழலில் தேவா முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். வேகவைத்த வேர்க்கடலை, அவர்கள் ஊர்ப் பேச்சில் மல்லாட்டை, ஒரு பொட்டலம் நிறைய வாங்கி வைத்திருந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். காதோரம் நரை வந்திருந்தது. அந்த நரை வரும்போது தான் பக்கத்தில் இல்லையே என்று நெடுஞ்செழியனுக்குத் துக்கமாக இருந்தது.

தேவா மல்லாட்டையை உரித்து உரித்து அவன் பக்கம் வைத்துக்கொண்டே இருந்தான். அவன் எடுத்துத் தின்றான். கீழே ஏரி பாதி வற்றிக் கிடந்தது. தூரத்தில் நெடுஞ்சாலையில் லாரிகள் சத்தமில்லாமல் ஊர்ந்தன.

"உன்ன நெனச்சி அழுவாத நாளு இல்ல" என்றான் தேவா.

"அந்தப் பையன் யாரு?"

"அயான். கோட்டக்குப்பத்துப் பையன். விழுப்புரத்துல மொபைல் கடையில கீறான். நீ போனப்புறம் பைத்தியம் புடிச்ச மாதிரி ஆயிட்டேன் நெடு. அவன் வந்து சேந்தான். அவ்ளோதான். நீ வர்றேன்னு சொல்லு, நாளைக்கே அவன அனுப்பிடறேன்."

நாளைக்கே அனுப்பிவிடுவேன் என்பது நெடுஞ்செழியனின் காதில் தேனாக விழுந்தது. அதற்காகத் தன்மேலேயே அருவருப்பும் வந்தது. தேவா மெல்ல நகர்ந்து வந்து உள்ளங்கையை அவன் பிடரியில் வைத்தான். கை சூடாகத்தான் இருந்தது. இருந்தாலும் அவன் கண்ணை மூடிக்கொண்டான். இன்றைக்கே, இந்த மலையிலிருந்து இறங்கி நேராகக் கீழ்ப்பெரும்பாக்கத்துக்குப் போய்விட்டால் என்ன? கதவைத் திறந்து, செருப்பை விட்ட இடத்தில் விட்டு, அடுப்பில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் என்ன?

தேவாவின் போன் அடித்தது. எடுத்தான்.

"சாப்டியா? மாத்திர போட்டியா? கைய தொங்கப் போடாத, தலகாணி மேல வெச்சிக்கோ. வந்துடறேன்டா. வந்து நானே ஊட்டி வுடறேன்."

அத்தனையும் தனக்குச் சொன்னவை. தலையணை உட்பட. நெடுஞ்செழியன் கண்ணைத் திறந்தான்.

"தேவா, அவன நீ எதால அடிச்ச?"

"தோ பாரு. பேஜாரு பண்ணாத."

"எதாலன்னு கேட்டேன்."

"ஏசி பைப்பு. காப்பரு. அதுவும் ஓங்கினேன், அடிக்கணும்னு இல்ல." தேவா பொறுமையாக, ஒரு குழந்தைக்கு விளக்குவதுபோலச் சொன்னான். "நீயே யோசிச்சிப் பாரு நெடு. உன் கைய நான் ஒடைக்கணும்னா ஒடைச்சேன்? நீ தூக்கின. தூக்கினதாலதான் ஒடைஞ்சிது. அவனும் தூக்கினான். சும்மா நின்னிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது. ரெண்டு பேருமே தூக்கிட்டீங்க."

அவன் பொய் சொல்லவில்லை. முகத்தில் கள்ளம் இல்லை. அவன் அதை நம்பினான். அழுத அழுகையெல்லாம் உண்மை, ஊட்டிய சோறெல்லாம் உண்மை, இதுவும் உண்மை. நெடுஞ்செழியனுக்கு அந்த வெயிலில் குளிர்ந்தது. கை தூக்காமல் நின்றிருந்தால் ஸ்பானர் எங்கே விழுந்திருக்கும் என்று அவனுக்குத் தெரியும். எக்ஸ்ரே மேஜையில் அப்படிப்பட்ட தலைகளை அவன் பார்த்திருக்கிறான்.

எழுந்தான். தேவாவும் எழுந்து அவன் கையைப் பிடித்தான், உடைந்து சேர்ந்த அதே இடத்தில்.

"எங்க போற? பேசிக்கினு இருக்கேன்ல?"

பிடி இறுகியது. இரண்டு பெண்கள் அர்ச்சனைத் தட்டோடு படியேறி வந்தார்கள். தேவா கையை விட்டுவிட்டுச் சிரித்தான். நெடுஞ்செழியன் திரும்பிப் பார்க்காமல் இறங்கினான். பாதி வழியில் நின்று ஒரு தரம் திரும்பிப் பார்த்தான் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். தேவா பாறைமேல் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தான்.

அந்த வாரம் ஒரு நாள் லீவு போட்டுவிட்டு விழுப்புரத்துக்குப் போனான். ஓடி வந்த பிறகு முதல் தடவை. பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒவ்வொரு மொபைல் கடையாகப் பார்த்துக்கொண்டே போனான். நாலாவதோ ஐந்தாவதோ கடையில் அயான் மாவுக்கட்டோடு நின்றிருந்தான். கடைக்காரர் சாப்பிடப் போயிருந்தார்.

"ஸ்கிரீன் கார்டு ஒட்டணும்" என்று போனை நீட்டினான் நெடுஞ்செழியன்.

அயானுக்கு அடையாளம் தெரிந்தது. "எக்ஸ்ரே அண்ணன்தானே?" என்று சிரித்தான். ஒரே கையால் கண்ணாடியைத் துடைத்தான். போனை அசையாமல் பிடிக்க இன்னொரு கை வேண்டியிருந்தது. நெடுஞ்செழியன் பிடித்துக்கொண்டான்.

"நான்தான் நெடு" என்றான்.

அயானின் விரல் நின்றது.

"என்ன பத்தி என்ன சொல்லி இருக்கான்?"

"வுட்டுட்டு ஓடிப் போயிட்டீங்கன்னு. அவர ஏமாத்திட்டீங்கன்னு."

நெடுஞ்செழியன் சட்டைக் கையை மடக்கித் தழும்பைக் காட்டினான். "இது அவன் பண்ணது. ஸ்பானர். நானும் வண்டியில இருந்து வுழுந்தேன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னேன். இப்ப ஊட்டி வுடுவான். எண்ண தேச்சி வுடுவான். கட்டு பிரிக்கிற வரைக்கும் நல்லாருக்கும் தம்பி. அதுக்கப்புறம் எனக்குக் கழுத்து."

அயான் அந்தத் தழும்பைப் பார்த்தான், பிறகு தன் கட்டைப் பார்த்தான். தெருவில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

"உங்களுக்குப் பொறாம" என்றான் கடைசியில். கண் கலங்கியிருந்தது.

"இருக்குது. நெறையவே இருக்குது. அவன் உன்ன புள்ளன்னு சொன்னப்போ எனக்கு வயிறு எரிஞ்சிது. அதுக்காக நான் சொல்றது பொய்யாயிடாது." அயானின் போனை வாங்கித் தன் நம்பரைப் பதிந்தான். பெயர் கேட்டபோது யோசித்து, 'எக்ஸ்ரே' என்று போட்டான். "எங்க அக்கா வூடு திண்டிவனத்துல. அட்ரசும் அதுல போட்டிருக்கேன். எந்நேரமும் வரலாம்."

"உங்களமாதிரி இல்லண்ணா நானு. என்ன அவருக்கு நெசமாவே புடிக்கும்" என்றான் அயான்.

நெடுஞ்செழியனும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்திருந்தான். அதைச் சொல்லவில்லை. ஒட்டிய கண்ணாடிக்குள் ஒரு காற்றுக்குமிழி தங்கிவிட்டது. பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு வந்தான்.

அயான் அன்றைக்கே தேவாவிடம் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. சென்டருக்குப் போன்மேல் போன் வந்தது. முதலில் வசவு. பிறகு சென்டர் வாசலிலேயே வந்து வெட்டுவேன் என்றான். பிறகு அழுகை. வரவேற்புப் பெண் பயந்துபோய் இணைப்பைத் துண்டித்தாள். ஒரு தடவை நெடுஞ்செழியனே எடுத்துவிட்டான். தேவா பேசவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. வைத்துவிட வேண்டியதுதான். அவன் வைக்கவில்லை. அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு நின்றான். வெளியே நோயாளிகள் காத்திருந்தார்கள்.

அன்று சாயந்தரம் இளவரசி மாடிக்கு ஏறி வந்தாள். வழக்கமாக அவள் வருவதில்லை.

"சென்டர்ல வேல செய்யற பொண்ணு மார்க்கெட்ல சொல்லிச்சி. யாரோ போன்ல மெரட்டுறானாமே. அவன்தானா?"

அவன் தலையசைத்தான்.

"கை ஒடஞ்சி வந்தப்பவே எனக்குத் தெரியும்டா. உங்களுக்குள்ள என்னான்னும் தெரியும். நீ பொண்ணாப் பொறந்து அவன் உன் புருசனா இருந்திருந்தா, அன்னிக்கே நம்ம வூட்டுலேர்ந்து நாலு பேரு போய் அவன் வாசல்ல நின்னிருப்போம். இதுக்கு எப்படிப் போய் நிக்கிறதுன்னு எனக்குத் தெரியல. அதான் வாய மூடிக்கினு இருந்துட்டேன்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "இன்னொரு தரம் போன் வந்தா எங்கிட்ட குடு. நான் நிக்கிறேன்."

போன் வரவில்லை. நாட்கள் ஓடின. அயானுக்குக் கட்டு பிரித்திருப்பார்கள் என்று நெடுஞ்செழியன் கணக்குப் போட்டான். ஒவ்வொரு தரம் கதவு திறக்கும்போதும் நிமிர்ந்து பார்த்தான்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் இளவரசி போன் செய்தாள். "ஒரு பையன் வந்து கீறான். எக்ஸ்ரே அண்ணன் வூடான்னு கேக்கறான். ஜல்தி வா."

அயான் கூடத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தான். ஒரு கண் முழுசாக மூடியிருந்தது. கழுத்தைச் சுற்றி விரல் தடம். இளவரசி கொடுத்த மோரைக் குடிக்க முடியாமல் கையில் வைத்திருந்தான். விழுங்கும்போது வலித்தது.

"ஜும்மாவுக்குப் போறேன்னு சொல்லிட்டு வந்துட்டேண்ணா" என்றான். குரல் வரவில்லை. "அவரு வெளிய நிக்கிறாரு. பள்ளிவாசல் வாசல்ல. நான் பின்பக்கமா பஸ் ஏறிட்டேன். இன்னும் நின்னுக்கினுதான் இருப்பாரு."

சொல்லிவிட்டு உடைந்து அழுதான். தனக்காகத் தேவா வெயிலில் நிற்கிறானே என்றுதான் அழுதான். இளவரசிக்கு அது புரியவில்லை. நெடுஞ்செழியனுக்குப் புரிந்தது.

டாக்டரிடம் காட்டிவிட்டு, மூவருமாக விழுப்புரத்துக்குப் போய் ஸ்டேஷன் படியேறினார்கள். அந்தப் பழைய ஏட்டு இல்லை, வேறு ஆட்கள் இருந்தார்கள். பெண் சப்-இன்ஸ்பெக்டர் ஒருவர் உட்காரச் சொன்னார். அயானின் கழுத்தைப் பார்த்தார். பிறகு நெடுஞ்செழியனைக் கேட்டார்.

"நீங்க யாரு இதுல? அந்த தேவா உங்களுக்கு இன்னா ஒறவு?"

அவன் இளவரசியைப் பார்த்தான். அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள்.

"சேந்து வாழ்ந்தோம் மேடம். குடும்பமா. வருஷக்கணக்கா. என் கையையும் அவன்தான் ஒடைச்சான். இதே மாதிரி கழுத்தையும் புடிச்சான். முன்னாடி ஒரு தரம் வந்து சொன்னேன். எழுதி வாங்கிட்டு அனுப்பிட்டாங்க. அப்ப ரூம்மேட்டுன்னு சொன்னேன்."

பேனா நின்றது. பக்கத்து மேஜையில் இருந்த காவலர் திரும்பிப் பார்த்தார். சப்-இன்ஸ்பெக்டரின் முகத்தில் ஒரு சங்கடம் ஓடியது. எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியாத சங்கடம். தண்ணீர் குடித்தார்.

"எழுதிக் குடுத்தும் இன்னொருத்தர் மேல கைய வெச்சிருக்கானா?"

"ஆமா மேடம்."

"கழுத்த நெரிச்சா அது சண்ட இல்ல. கொல முயற்சி. ஆம்பளயோ பொம்பளயோ, கழுத்து ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு எழுதத் தொடங்கினார். நடுநடுவே கேட்கக்கூடாத கேள்விகளையும் கேட்டார். யார் இதில் பெண்மாதிரி என்றுகூடக் கேட்டார். அயான் கூனிக் குறுகிப்போனான். ஆனால் அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

தேவாவைக் கூட்டி வர ஜீப் போனதும் அவர்களை டீ குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். எதிர்க் கடையில் நெடுஞ்செழியனும் அயானும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். இளவரசி தன் வீட்டுக்குப் போன் செய்ய வெளியே போனாள். டீ ஆறிக்கொண்டிருந்தது.

"அவரு ஜெயிலுக்குப் போயிடுவாராண்ணா?"

"கொஞ்ச நாளைக்கு. பெயில்ல வந்துடுவான்."

"காலையில இருந்து ஒண்ணும் சாப்ட்டிருக்க மாட்டாரு. நான் இல்லன்னா சாப்ட மாட்டாரு." அயான் தலையைக் குனிந்துகொண்டான். "கேச வாபஸ் வாங்கிடலாமா?"

நெடுஞ்செழியனுக்கும் அதே நினைப்புத்தான் ஓடிக்கொண்டிருந்தது. தேவாவுக்குப் பசி தாங்காது. பசித்தால் தலைவலி வரும், நெற்றியில் இரண்டு விரலை வைத்து அழுத்திக்கொள்வான். ஒரே ஆளை நினைத்துக்கொண்டு, அவன் அடித்த கைகளை மேஜைமேல் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஊரில் அந்தத் துக்கத்தைத் தெரிந்தவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான்.

"எனக்கும் அவன் வேணும்" என்றான் நெடுஞ்செழியன். "இப்பவும் வேணும். மலைய வுட்டு எறங்கறப்போ திரும்பிப் போயிடலாம்னுதான் இருந்திச்சி. நாம வாபஸ் வாங்கினா அவன் நம்மகிட்ட வர மாட்டான் அயான். மூணாவதா ஒருத்தன்கிட்ட போவான். அவன் கைய தூக்கினானோ இல்லையோ..."

அயான் டீயை எடுத்து, கண்ணை இறுக மூடிக்கொண்டு ஒரு வாய் விழுங்கினான். வாபஸ் பற்றி மறுபடி பேசவில்லை.

தேவாவை அன்றே ரிமாண்ட் செய்தார்கள். அயானின் அம்மா பல்கீஸ் பீவி வந்து மகனைக் கோட்டக்குப்பத்துக்கு அழைத்துப்போனாள். நண்பர்களுக்குள் அடிதடி என்றுதான் அவளுக்குச் சொல்லியிருந்தது. ஆனால் போகும்போது அவள் நெடுஞ்செழியனின் கையைப் பிடித்துக்கொண்டு, "என் புள்ள உசுரோட கெடைச்சான். எனக்கு வேற ஒண்ணும் தெரிய வேணாம் தம்பி" என்றாள். எவ்வளவு தெரிந்து சொன்னாளோ. கத்தாரில் இருக்கும் அத்தா ஷாகுல் ஹமீது தன்னோடு பேசுவதில்லை, ஆனால் அம்மாவின் போனில் 'அவன் நல்லாருக்கானா' என்று கேட்கிறார் என்று அயான் பிறகு சொன்னான்.

தேவாவுக்கு ஜாமீன் கிடைத்தது. வாய்தா நாள் தவிர விழுப்புரத்துக்குள் வரக்கூடாது, இவர்கள் இருவரையும் நெருங்கக்கூடாது என்று நிபந்தனை. ஓசூர்ப் பக்கம் வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். அங்கே யாரோடு இருக்கிறான் என்று தெரியவில்லை. அதை நினைக்கும்போது நெடுஞ்செழியனுக்கு வயிற்றில் இரண்டு நெருப்பு எரியும். முகம் தெரியாத ஒருவனுக்காகப் பயம் ஒன்று. இன்னொன்றுக்குப் பெயர் வைக்க அவன் விரும்பவில்லை.

வழக்கு வாய்தாவுக்கு வந்தபோது நீதிமன்ற வளாகத்தில் அவனைப் பார்த்தான். வேப்பமரத்தடியில் வக்கீலோடு நின்றிருந்தான். சட்டை தொளதொளவென்று இருந்தது. நரை இன்னும் ஏறியிருந்தது. மணி ஒன்று இருக்கும். கூட்டத்துக்கு மேல் தேவாவின் கண்கள் இவனைத் தேடிப் பிடித்தன. நிபந்தனைப்படி அவன் நெருங்கவில்லை. உதட்டை மட்டும் அசைத்தான். சத்தம் வராவிட்டாலும் என்ன கேட்டான் என்று தெரிந்தது.

பதில் தொண்டைவரை வந்தது. நெடுஞ்செழியன் பக்கத்தில் நின்ற அயானின் தோளைப் பிடித்துக்கொண்டான். அயானும் பார்த்திருந்தான். அந்த உதட்டசைவு யாரைக் கேட்டது என்று இரண்டு பேருக்குமே நிச்சயமில்லை. பெயர் கூப்பிட்டதும் இருவரும் உள்ளே போய்ச் சொல்ல வேண்டியதைச் சொன்னார்கள்.

திண்டிவனத்துக்குத் திரும்பியபோது நாலு மணி ஆகியிருந்தது. வெயில் இறங்கவில்லை. இளவரசி முற்றத்தில் மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தாள். இவன் செருப்பைக் கழற்றிவிட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தான்.

"பாத்தியா அவன?"

"பாத்தேன். எளச்சிட்டான்க்கா."

"எல்லாத்தையும் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

அவள் கையில் இருந்த காயை உடைத்து முறத்தில் போட்டாள். அடுத்ததை எடுத்தவள் அப்படியே வைத்தாள்.

"செழியா, அழுவறதுன்னா அழு. அவனுக்காகத்தான் அழுவறன்னாலும் எனக்கு ஒண்ணும் இல்ல. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

இத்தனை மாதங்களில் யாரும் அவனுக்கு அந்த அனுமதியைக் கொடுக்கவில்லை. அவனே கொடுத்துக்கொள்ளவில்லை. பட்டப்பகலில், தெருக்கதவு திறந்திருக்க, தன்னை அடித்தவனை நினைத்து, அவன் இல்லாத சாயந்தரங்களை நினைத்து, நெடுஞ்செழியன் வாய்விட்டு அழுதான். இளவரசி எழுந்துபோய்க் கதவைச் சாத்தவில்லை. மல்லாட்டை உடைத்துக்கொண்டே அவன் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தாள்.